மூலத்தில் பிறந்தவளுக்கு ஜாதகம் எழுதுமுன்

சாமி, நீ எழுதிய கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உன் அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது பகல் வெளிச்சத்திலும் எழுத்து தெரிவதில்லை. அச்சுக்கூடத்தில் மதியச் சோறு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து உன் முன்னால் கையை நீட்டுகிறார்கள், ஜோசியன் மகன்தானே, பார்த்துச் சொல் என்கிறார்கள், ஒன்றும் தெரியாமல் விழிக்க வெட்கமாக இருக்கிறது, ரேகையும் ஜாதகமும் புதிதாகப் பழகுகிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடம் போன நாளில் இந்தத் தொழிலின் பேரைச் சொன்னாலே முகத்தைச் சுளித்தவன் நீ. இப்போதாவது கேட்டாயே என்று உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் உண்மையான விஷயம் கடிதத்தின் கடைசி நான்கு வரியில் இருந்தது. உன்னோடு மிஷின் ஓட்டும் மாரிமுத்துவின் தங்கை பழனியம்மாளுக்கு வயது பத்தொன்பது. மூல நட்சத்திரம். மூன்று இடம் வந்து, நட்சத்திரத்தைக் கேட்டு, மூன்றும் திரும்பிப் போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நான்காவது இடத்துக்கு ஜாதகம் கொடுக்க வேண்டும். நேரத்தைக் கொஞ்சம் தள்ளி அடுத்த நட்சத்திரமான பூராடத்தில் பிறந்ததாக எழுதிக் கொடு என்று மாரிமுத்து கெஞ்சுகிறான். பொய் எழுதக் கை வரவில்லை, என்ன செய்யட்டும் என்கிறாய். கை வரவில்லை என்றாயே, அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னிடம் கை நீட்டுகிறவர்களுக்கு இதில் உள்ள ரேகையை மட்டும் வாயால் சொல்.

"மொதல்ல கையப் பத்தி எழுது. கட்டத்தப் போட்டீன்னா பையன் மெரண்டுருவான்" என்கிறார் உன் அப்பா. "இருவத்தி மூணு வயசாச்சு, பையனாமா" என்றேன். "எனக்குப் பையந்தான். எழுது."

கையைப் பார்ப்பதில் உன் அப்பாவைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நாம் வள்ளுவர் ஜாதி, ஜோசியம் நம் குலத்தொழில். ஊர்க்காரன் பிள்ளைக்குப் பேர் வைக்க, வீட்டுக்கு நிலை வைக்க, பெண் எடுக்க நாம் வேண்டும். அவன் வாசற்படியில் நாம் கால் வைக்கக் கூடாது, அவன் கையை நாம் தொடக் கூடாது. தொடாமல் எப்படிக் கை பார்ப்பது? நான்கு முழம் தள்ளி நின்றால் ரேகையா தெரியும்? அதனால் உன் அப்பா ஒரு முறத்தில் சலித்த சாம்பலைப் பரப்பித் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். வந்தவர் கையை அதில் அழுத்திவிட்டு விலகிப் போவார். பிறகு இவர் குனிந்து படிப்பார். அந்த அவமானத்திலிருந்து இப்படி ஒரு வித்தையைப் பிடுங்கிக்கொண்ட மனிதர் அவர். நீயும் அப்படியே பழகு. உன் கூட்டாளிகள் தொட விடுவார்கள், இருந்தாலும் சாம்பல் பதிவில் ரேகை தனியாகத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதே: பதிவில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்று பார்க்கிறோம். புதிதாகப் பழகுகிறவன் பதிவைப் பார்த்துக் கையையே மாற்றிச் சொல்லிவிடுவான். அச்செழுத்தைத் திருப்பிப் போட்டே படித்துப் பழகிய உனக்கு அந்தச் சிரமம் இல்லை.

கட்டைவிரலைச் சுற்றி வளைந்து மணிக்கட்டுக்கு இறங்குவது ஆயுள் ரேகை. அதனோடு ஒட்டிப் புறப்பட்டு உள்ளங்கைக்குக் குறுக்கே ஓடுவது புத்தி ரேகை. விரல்களுக்குக் கீழே சுண்டுவிரல் பக்கமிருந்து வருவது இருதய ரேகை. இந்த மூன்றும் போதும், ஒரு மாதத்துக்கு வேறெதையும் தொடாதே. ஆயுள் ரேகை குட்டையாக இருந்தால் ஆயுள் குட்டை என்று ஒருநாளும் சொல்லிவிடாதே. குட்டை ரேகையோடு எண்பது வயது வரை களத்துமேட்டில் கிடந்தவர்களை உன் அப்பா பார்த்திருக்கிறார். ரேகைக்கு முன்னால் காய்ப்பைப் பார். மண்வெட்டி பிடித்த காய்ப்பு விரலடியில் இருக்கும். நாற்று நட்டவள் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும். நகம் வெளுத்திருந்தால் கிரகக் கோளாறு அல்ல, சோறு இல்லை என்று அர்த்தம். ஒரு முறை சங்ககிரிச் சந்தையில் பட்டுக்கரைத் துண்டு போட்ட ஒருவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உன் அப்பாவைச் சோதிக்க வந்தார். முறத்தைப் பார்த்துவிட்டு உன் அப்பா கேட்டார்: "ஏனுங்க, நெதம் மாடு கட்டிக் கெணத்துல கவலை எறைக்கறவரு, வடம் உள்ளங்கைய அறுத்த தழும்பு இப்படிக் கெடக்குது, பட்டுத்துண்டு ஏதுங்க?" அந்த மனிதர் சிரித்தே விட்டார். "மாமனாரூட்டுத் துண்டுங்க. மத்தியானம் திருப்பிக் குடுக்கோணும்." சந்தையே சிரித்தது. அன்றைக்கு உன் அப்பா ரேகையைப் பார்க்கவே இல்லை.

இனி கட்டம். இது என் பங்கு. என் அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கணக்கு என்னிடம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கணக்கு நான் போடுவேன், வாய் உன் அப்பாவுடையது. பன்னிரண்டு கட்டம். மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது மேஷம். அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றி வந்தால் கடைசியில் மீனம். எந்தக் கட்டத்தில் ல என்று போட்டிருக்கிறதோ அது லக்கினம், பிறந்த நேரத்தில் கிழக்கே எழுந்துகொண்டிருந்த ராசி. அதை ஒன்று என்று வைத்து எண்ணு. நான்கு தாய், ஏழு கல்யாணம், ஒன்பது தகப்பன், பத்து தொழில். பலன் சொல்ல அவசரப்படாதே. முதலில் ஜாதகம் சரியா என்று பார்க்கக் கற்றுக்கொள். சூரியன் இருக்கும் கட்டம் மாதத்தைச் சொல்லும். சித்திரை என்றால் மேஷம், வைகாசி என்றால் ரிஷபம். சூரியன் லக்கினத்தோடு இருந்தால் விடியலில் பிறந்த பிள்ளை, பத்தாம் கட்டத்தில் இருந்தால் உச்சிப்பொழுதில் பிறந்தது. புதன் சூரியனை விட்டு ஒரு கட்டத்துக்கு மேல் விலகாது, சுக்கிரன் இரண்டு கட்டத்துக்கு மேல் விலகாது. ராகுவும் கேதுவும் நேரெதிரே உட்காராவிட்டால் எழுதியவன் தூங்கிவிட்டான். யோசித்துப் பார், சாமி. கடிகாரம் இல்லாத, பஞ்சாங்கத்தைத் தவிர வேறு புத்தகம் இல்லாத நம் தெருவில், அரை வயிற்றோடு உட்கார்ந்து, இன்றைக்கு வானத்தில் எது எங்கே நிற்கிறது என்று விரலை மடக்கிச் சொன்னவர்கள் நம்மவர்கள். அதை மூடத்தனம் என்று உன்னோடு படித்த கூட்டத்தார் ஒரு சொல்லில் துடைத்துப் போடும்போது எனக்கு உடம்பு எரிகிறது. அந்தக் கணக்கை எதற்குப் பயன்படுத்தினோம் என்று கேட்டால் மட்டும் தலை குனிகிறேன்.

இன்னும் ஒன்று தெரிந்தால்தான் நான் சொல்லப் போவது புரியும். நட்சத்திரம் இருபத்தேழு. பிறந்தபோது சந்திரன் எதில் இருந்ததோ அது பிறந்த நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகம் அதிபதி. அந்தக் கிரகத்தின் திசையில்தான், அதாவது அது ஆளும் காலத்தில்தான், பிள்ளை பிறக்கிறது. மூலத்துக்குக் கேது, ஏழு வருடம். அடுத்த பூராடத்துக்குச் சுக்கிரன், இருபது வருடம். நட்சத்திரத்தில் எவ்வளவு கழிந்து பிறந்ததோ அவ்வளவு திசையும் கழிந்ததாகத் தள்ளி, மிச்சத்தை ஜாதகத்தின் அடியில் கடைசி வரியாக எழுதுவோம். அதுதான் திசை இருப்பு. நட்சத்திரமும் அந்த வரியும் ஒத்துப் போக வேண்டும்.

பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். மூலத்தில் பிறந்தவள் மருமகளாக வந்தால் மாமனார் சாவார் என்று ஒரு பேச்சு. கடைசிப் பாதத்தில் பிறந்தால் தோஷமில்லை என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பெண் கேட்டு வருகிறவன் பாதமா பார்க்கிறான்? மூலம் என்ற சொல் காதில் விழுந்ததும் செருப்பை மாட்டிக்கொள்கிறான். பூராடம் நூலாடாது என்றும் ஒரு பழமொழி உண்டு, ஆனால் அதற்காக நம் பக்கம் யாரும் செருப்பைத் தேடுவதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது சங்ககிரி மலைக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் குடும்பத்தில், கல்யாண வயதில் இருந்த பாவாயி என்ற பெண்ணுக்கு ஜாதகம் எழுதக் கேட்டார்கள். கணக்கு மூலத்தில் விழுந்தது. நான் மூலம் என்றே எழுதினேன். மூன்று தரம் சரிபார்த்து எழுதினேன், என் கணக்கில் அவ்வளவு கர்வம். யாரும் அவளை எடுக்கவில்லை. கடைசியில் மூலத்துக்காரிக்கு வழக்கமாகத் தேடுவது போலத் தேடினார்கள்: மாமனார் ஏற்கெனவே செத்துப்போன வீடு. கிடைத்தவன் முதல் பெண்டாட்டியை இழந்தவன், இரண்டு பிள்ளைக்காரன், அவள் அப்பனைவிட இரண்டு வயது இளையவன். கல்யாணத்துக்கு முந்தின நாள் பாவாயியின் அம்மா நம் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். "கணக்கு சரிதானுங்களா?" என்று மட்டும் கேட்டாள். "சரிதானுங்க" என்றேன். வெகுநாள் கழித்து, பாவாயி பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சியை ஒரு தீட்டு வீட்டில் சந்தித்தேன். நேரத்தை எப்படிக் குறித்தாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அன்னிக்கு ஒரே மேகமுங்க. நெழலே உழுகல. குத்துமதிப்பா ஒண்ணச் சொன்னேன்" என்றாள். குத்துமதிப்பு, சாமி. அதன் மேல்தான் நான் மூன்று தரம் சரிபார்த்தேன்.

அதனால்தான் பிறகு செல்லாயி என்ற இன்னொரு பெண்ணுக்கு ஜாதகம் எழுத வந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டேன். அவளுக்கும் மூலம்தான் வந்தது. அவள் அப்பா சொன்ன நேரம், களையெடுக்கிறவர்களுக்குக் கஞ்சி போன பொழுது. அப்படியானால் மூலம் முடிய மூன்று நாழிகை பாக்கி. இந்த முறை பெற்றவளைத் தனியாகக் கேட்டேன். "அவரு காட்டுல இருந்தாருங்க, அவருக்கென்ன தெரியும்? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாங்க, அப்பத்தான் புள்ள அழுதுச்சு" என்றாள். நான்கு நாழிகை வித்தியாசம். பெற்றவள் சொன்னதை எடுத்துக்கொண்டேன். பூராடம் பிறந்து ஒரு நாழிகை. லக்கினத்தையும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தி, எல்லாவற்றையும் அழகாகப் படியெடுத்தேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீடு சேந்தமங்கலத்துப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில். பெரிய பண்ணை. அப்போதே உன் அப்பாவின் கண் மங்கத் தொடங்கியிருந்ததால் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பண்ணைக்காரர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார், இருமிக்கொண்டே. நாங்கள் மாட்டுக் கொட்டகை ஓரம். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு உள்ளங்கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். ஜாதகத்தைக் கையில் வாங்க மாட்டார்கள். தரையில் வைத்துவிட்டு நாங்கள் நகர வேண்டும். தன் வம்சமே அந்தத் தாளில் இருக்கிறதென்று நம்புகிறவர், அதை எழுதிய கைக்கு இவ்வளவு மரியாதை செய்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகம் பார்க்க வந்திருந்தவரும் நம்மவர்தான். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, மூக்குப்பொடி வாசனை. வாய் சும்மா இருக்காது.

"சங்ககிரிக் கணக்கா? அது கோட்டையாட்டவே ஒருபக்கம் சாஞ்சிருக்கும்பாங்க."

"சாஞ்சு பாரு, நிமிந்து பாரு, கட்டம் பன்னண்டுதான்" என்றார் உன் அப்பா.

அவர் சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டு வந்தார். சூரியனைப் பார்த்தார், லக்கினத்தைப் பார்த்தார், தலையாட்டினார். விரல் அடிவரிக்கு வந்தது. அங்கே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த நான் அந்த வரியைத் தலைகீழாகப் படித்தேன். கேது திசை இருப்பு, நான்கு மாதம். மேலே பூராடம் என்று எழுதிவிட்டு, அடிவரியை முதலில் போட்ட மூலக் கணக்கிலிருந்து அப்படியே படியெடுத்திருந்தேன். எழுத்தறிந்த ஜோசியன் எவனுக்கும் அந்த ஒரு வரி போதும், பெண் மூலம் என்றும் நேரம் தள்ளப்பட்டது என்றும் தெரிந்துவிடும். அவர் தலையை நிமிர்த்தி ஒரு சொல் சொன்னால் செல்லாயியை அந்த மலையிலிருந்து காவிரி வரை ஒருவன் தொடமாட்டான். மூலம் என்பது ஒன்று, மறைத்தார்கள் என்பது இரண்டு.

"என்னப்பா, நின்னுபோச்சு?" என்றார் பண்ணைக்காரர்.

"பொடி கண்ணுல பட்டுருச்சுங்க சாமி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தாளைப் பார்த்தபடியே, கொஞ்சமும் தடுமாறாமல் படித்தார்: "நட்சத்திரம் பூராடங்க. சுக்கிர திசை இருப்பு பத்தொம்பது வருசம் எட்டு மாசம். சுக்கிரன்லயே பொறந்த புள்ளைங்க. அடி எடுத்து வெச்சா ஊட்டுல பால் பொங்கும்."

தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. ஒரு நாழிகை கழிந்த பூராடத்துக்கு இருபது வருடத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று, கண்ணைத் துடைத்த நேரத்தில், மனதிலேயே கணக்குப் போட்டிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து தாளும் பேனாவும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வருடம், எட்டு மாதம். ஒரு நாள் பிசகில்லை.

உள்ளிருந்து பண்ணைக்காரர் மனைவி குரல் கொடுத்தாள். "தனுசு ராசின்னு சொன்னாங்களே. மூலம் கீலம் இல்லியே?"

"தனுசுல மூணு நட்சத்திரம் இருக்குதுங்க அம்மா. ஒண்ணு மூலம்கறதுக்காவ மத்த ரெண்டு புள்ளைகளும் கன்னியாவா கெடக்கும்?" என்றார் அவர். "எழுத்து மங்கிக் கெடக்குதுங்க. ஊட்டுல வெச்சுக்கறதுக்குத் தெளிவா நானே ஒண்ணு எழுதிக் குடுத்தர்றேன்." எழுதினார். அடிவரியில் சுக்கிரனைப் போட்டார். புதுத் தாளைத் தரையில் வைத்துவிட்டு, பழையதை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஊருக்கு வெளியே எங்களுக்காகக் காத்திருந்து என்னிடம் அந்தத் தாளை நீட்டினார். "அடுப்புல போட்ருங்க அம்முணி. தலைய மாத்துனா காலையும் மாத்தோணும்." உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டேன். "அந்தாளு இருமலக் கேட்டீங்கல்ல? நெஞ்சு பத்து வருசமா அரிச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு மழை பாத்தாலே அதிசயம். அவரு போறதுக்கு ஒரு புள்ளையா பழி சொமக்கோணும்?" என்று சொல்லிவிட்டுப் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர் சொன்னபடியே பண்ணைக்காரர் இரண்டாம் வருடம் செத்தார். செல்லாயிதான் கடைசி வரை சளிச் சட்டியைக் கழுவினாள். எழவுக்கு வந்தவர்கள், நெஞ்சுநோவு, மருமகள் தங்கமாகப் பார்த்துக்கொண்டாள் என்று பேசிக்கொண்டு போனார்கள். அந்த அடிவரி மட்டும் கேது என்று இருந்திருந்தால், அதே பிணத்துக்கு முன்னால் அதே பெண்ணை முடியைப் பிடித்து இழுத்திருப்பார்கள். கோள் தன் வழியில் போகிறது, சாமி. அதைக் காட்டிப் பெண்ணை அடிப்பது மனிதன்தான். அந்தப் பொடிக்காரரைவிடப் பெரிய ஜோசியனை நான் இன்னும் பார்க்கவில்லை. கணக்கும் தெரிந்து, கணக்கை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்தவர்.

இனி அந்த வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். இதை நாளைக்குத் தபாலில் போட்டால் வியாழன் காலை உனக்குக் கிடைக்கும். அன்று சாயங்காலம் மாரிமுத்து வீட்டுக்குப் போ. அவன் அம்மாவிடம், பிள்ளை பிறந்த நேரத்தை யார் குறித்தது, எதைப் பார்த்துக் குறித்தது என்று கேள். பாதி வீடுகளில் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். உன் மனசாட்சிக்கு அதுவே போதும். ஒருவேளை அவள் மூலத்தின் நட்ட நடுவில் பிறந்தவள் என்றே வந்தாலும் தள்ளு. பகலை இரவாக்க வேண்டியிருந்தாலும் தள்ளு. கிழமை மாறினால் கிழமையை மாற்று, லக்கினம் மாறினால் லக்கினத்தை மாற்று, திசை இருப்பைப் புதிதாகப் போடு. பாவம் என்றால் அது என் தலையில் விடியட்டும். ஜாதகமே வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். உன் கல்யாணத்தில் சொல். அடுத்தவன் தங்கையை நிறுத்தி வைத்துக்கொண்டு உன் வீரத்தைக் காட்டாதே.

"அந்தப் புள்ளையக் கேட்டானாமா?" என்கிறார் உன் அப்பா, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே. நியாயமான கேள்வி. பாவாயியையும் நான் கேட்டதில்லை, செல்லாயியையும் கேட்டதில்லை. நாற்பது வருடம் பத்துப் பொருத்தமும் பார்த்தோம், பெண்ணின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. நீ கேள். மாரிமுத்து வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, அவள் அம்மா கூட இருக்கும்போதே, மறைக்காமல் கேள்: வரப்போகிறவனை அவள் பார்த்திருக்கிறாளா, அவனுக்கு வாழ்க்கைப்பட அவளுக்கு மனசு இருக்கிறதா? இருக்கிறது என்றால் பூராடம், நான் சொன்னபடி, அடிவரி வரைக்கும். இல்லை என்று தலையாட்டினால் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. நேர்மையான ஜோசியனாக இருந்துவிடு. மூலம் என்று கொட்டை எழுத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடியே படிக்கிற மாதிரி எழுதிக் கொடு. மிச்சத்தை மாப்பிள்ளை வீட்டார் செருப்பு பார்த்துக்கொள்ளும்.

உன் அம்மா